வேலை ஒழிந்த பின்



மும்பை மாட்டுங்காவில் இரயில் நிலையத்தை ஒட்டிப் பூக்கடைகளும் வாழையிலைக் கட்டுகளும் நெருங்கிக் கிடக்கும் ஒரு தெரு உண்டு. அத்தெருவில் இரண்டு தமிழர் முதன்முறையாகச் சந்திக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதற் கேள்வி, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பது. அடுத்த கேள்வி, "என்ன வேலையாக இருக்கிறீர்கள்?" என்பது. பெயரைக் கேட்பது அதற்குப் பின்னர்தான். தில்லிக் கரோல்பாக்கிலும், கல்கத்தாவிலும், பெங்களூர் அல்சூரிலும் இம்முறை மாறுவதில்லை. பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலத்தில் வந்து குடியேறிய நமக்கு, இங்கே இருப்பதற்குரிய காரணமே வேலைதான். தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்க்கும், மாட்டுங்காவுக்குத் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சுருக்கெழுத்து கற்று வந்தவர்க்கும் இது பொது.

அந்த இரண்டாம் கேள்விக்கு விடையே இல்லாத ஒரு காலம் வந்தால் என்ன ஆகும்? நெய்வதும் தைப்பதும், கணக்கெழுதுவதும் கடிதம் அடிப்பதும், ஏன், மொழிபெயர்ப்பதும் கூடப் பொறிகளின் வேலையாகி, மனிதன் கைகட்டி நிற்கும் ஒரு சமுதாயம் எப்படி இருக்கும்? இதனைப் பொருளியல் அறிஞர் கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றனர். ஆங்கில அறிஞர் கெயின்ஸ் 1930இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நூறு ஆண்டுகளுக்குள் மனிதன் வாரம் பதினைந்து மணி நேரம் உழைத்தாற் போதும் என்ற நிலை வரக்கூடும் என்றார். அவர் குறித்த 2030ஆம் ஆண்டு இதோ வாயிற்படியில் நிற்கிறது. பதினைந்து மணி நேர வாரத்தை நாம் அறிந்தவர் எவரும் கண்டதில்லை. ஆகவே கணக்கை விட்டுவிட்டு, இன்று திரைப்படத்தின் துணையை நாடுவோம். அதிலும், நாயகனும் நாயகியும் பாடும் படங்களையன்று. கதையின் கட்டை அவிழ்த்துவிட்டுப் புதுவழி தேடும் படங்களை, சோதனைப் படங்கள் என்று பெயர் பெற்றவற்றை நாடுவோம். அத்தகைய படங்கள் இந்தியாவில் பெரும்பாலும் எந்த ஊரில் பிறந்தன என்று கேட்டால், நாம் அஞ்சறைப் பெட்டியோடு வந்து குடியேறிய இந்த ஊரில்தான்.

பொதுமக்களுக்கான படமும் பொறியைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1957இல் பி.ஆர். சோப்ரா எடுத்த 'நயா தௌர்' நம்முள் முதியோர்க்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டே அது 'பாட்டாளியின் சபதம்' என்று தமிழிலும் பேசியது. குதிரை வண்டிக்கும் பேருந்துக்கும் போட்டி. குதிரை வண்டி வென்றது. திரையரங்கில் கைதட்டிவிட்டு வெளியே வந்து, எல்லோரும் பேருந்தில் ஏறி வீடு சேர்ந்தோம். பொறி வெல்லுமா, மனிதன் வெல்வானா என்பதே அத்தகைய படங்களின் வினா. பொறி வென்றபின் மனிதன் யாது செய்வான் என்பது வேறொரு வினா.

அந்த வேறு வினாவை எழுப்பியவர் பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர். 1931இல் அவர் எடுத்த 'ஆ நூ லா லிபெர்த்தே' என்னும் படத்தின் பெயருக்கு 'சுதந்திரம் நமக்கே' என்று பொருள் கொள்ளலாம். இரு சிறைத் தோழருள் ஒருவன் தப்பியோடி, கிராமபோன் செய்யும் பெருந்தொழிற்சாலைக்கு அதிபதியாகிறான். சிறையில் வரிசையாக அமர்ந்து பொம்மை செய்த காட்சியும், தொழிற்சாலையில் வரிசையாக அமர்ந்து கிராமபோன் செய்யும் காட்சியும் ஒன்றுபோலவே இருக்கும். முடிவில், மனிதக் கை படாமலே கிராமபோன் செய்யும் புதிய ஆலை திறக்கப்படுகிறது. முதலாளி அதனைத் தொழிலாளருக்கே கொடுத்துவிட்டுத் தோழனோடு நாடோடியாகப் போகிறான். ஆலை தானே ஓடுகிறது. தொழிலாளரோ ஆற்றங்கரையில் தூண்டில் போடுகின்றனர், சீட்டாடுகின்றனர், நடனம் ஆடுகின்றனர். அவ்வளவே படம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சார்லி சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்தபோது, கிளேரின் படத்தைத் தயாரித்த நிறுவனம் தன் கருத்தைத் திருடியதாகக் கூறி வழக்கே தொடுத்தது. கிளேர் அந்த வழக்கில் சேர மறுத்தார். சாப்ளின் தம்மிடமிருந்து ஏதேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அது தமக்குப் பெருமையே என்றார்.

வழக்கு கிடக்கட்டும். இரு படங்களுக்கும் உள்ள ஒற்றுமையை விட வேற்றுமையே நமக்கு வேண்டுவது. சாப்ளின் படத்தில் உணவூட்டும் பொறி ஒன்று வரும். தொழிலாளி கையை நிறுத்தாமலே அவன் வாயில் சூப்பையும் சோளத்தையும் அது திணிக்கும். நாம் சிறுவயதில் அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பொறி மிச்சப்படுத்துவது எதனை? உணவு இடைவேளையை. மிச்சமான நேரம் யாருக்கு? முதலாளிக்கு. கிளேரின் படத்தில் பொறி மிச்சப்படுத்திய நேரம் தொழிலாளிக்கு வந்தது. வந்ததற்குக் காரணம், ஆலையே அவனுக்கு எழுதி வைக்கப்பட்டதுதான். இந்தச் சிறு சட்டக் குறிப்பைக் கிளேர் ஒரு பாட்டுக்குள்ளும் வேடிக்கைக்குள்ளும் மறைத்து வைத்துவிட்டார். பம்பாயின் வரலாற்றில் அதனை யாரும் மறைக்க முடியவில்லை.

பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை என்னும் ஒன்று தானாக வரவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் ஆலைத்தொழிலாளர் சங்கம் கண்டு, மனுவுக்குமேல் மனு எழுதி, 1890 ஜூன் 10ஆம் நாள்தான் ஆலை முதலாளிகள் வார விடுமுறைக்கு இசைந்தனர். பின்னர் 1905ஆம் ஆண்டளவில் ஆலைகளில் மின்விளக்கு வந்தது. விளக்கு வந்தால் வேலை எளிதாகும் என்றுதானே எவரும் எண்ணுவர்? கதிரவன் மறைந்தபின்னும் தறி ஓடியது, பதினான்கு, பதினைந்து மணி நேரம் வரை வேலை நீண்டது, தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களின் வேலையை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்று கட்டியது, 1922இல் வாரம் அறுபது மணி, 1934இல் ஐம்பத்து நான்கு, 1948இல் நாற்பத்தெட்டு. இந்தக் குறைப்புகளைக் கொண்டுவந்தது பொறியன்று என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இனித் திரைக்கு வருவோம். 1948இல் மத்திய அரசு பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் என்னும் துறையை நிறுவியது. நாட்டிலுள்ள திரையரங்கு அனைத்திலும், முதன்மைப் படத்துக்கு முன் அதன் செய்திப்படமோ ஆவணப்படமோ காட்டப்படுதல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. அணைக்கட்டு, உருக்காலை, அம்மைத் தடுப்பு என்று எதைப் பற்றிய படமாயினும், கணீரென்ற குரல் ஒன்று தமிழில் விளக்கம் சொல்லும். அந்த விளக்கத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவர்கள், ஒருவகையில் நம் தொழிலின் முன்னோர். மக்கள் அதனை முழுமனத்தோடு கேட்டனர் என்று சொல்வதற்கில்லை. முறுக்கு வாங்கி வருவதற்கு அதுவே தக்க நேரமாக இருந்தது.

1965 முதல் 1967 வரை ஜான் பௌநகரி என்பார் இத்துறைக்கு ஆலோசகராக வந்திருந்தார். அவர் தந்த துணிவில் சில இளைஞர் விளக்கக் குரலையே தூக்கி எறிந்தனர். அவருள் ஒருவர் ஒரிசாவில் பிறந்து, பிராகா நகரில் பொம்மைப்படக் கலை பயின்ற பிரமோத் பதி. 1968இல் அவர் எடுத்த 'எக்ஸ்புளோரர்' ஏழு நிமிடப் படம். ஆடும் இளைஞர், ஆய்வுக்கூடக் கருவிகள், வழிபாட்டுச் சின்னங்கள், கண்கள் என்று படங்கள் ஒன்றையொன்று மின்னல்போல் வெட்டிச் செல்லும். சொல் ஒன்றும் இல்லை. இசை அமைத்தவர் சென்னையில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர் விஜய ராகவ ராவ். 1970இல் வந்த 'டிரிப்' என்னும் படத்தில் பதி இந்த நகரின் வாழ்வைச் சில நிமிடங்களில் முடுக்கி ஓட்டிவிட்டார்; மனிதர் பூச்சிகளைப்போலத் துடிக்கின்றனர், வருகின்றனர், போகின்றனர். இப்படங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நாம் இவற்றைப் பிற்காலத்தில் பெட்டர் சாலையில் உள்ள அத்துறையின் அரங்கில் பார்த்தபோது, முதலில் மனத்தில் தோன்றியது வியப்பன்று. "நம் முன்னோர்க்கு அன்று வேலை இல்லாமற் போயிற்றே" என்னும் அற்ப எண்ணமே. தொழில்புத்தி அப்படிப்பட்டது.

'எக்ஸ்புளோரர்' தோன்றிய காலத்தை எண்ணிப் பாருங்கள். டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மனின் தலைமையில் உருவான 'டிஃப்ராக்' என்னும் கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கிவிட்டது. 1960களின் நடுவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறிகளை நிறுவ முற்பட்டபோது, ஊழியர் சங்கங்கள் வேலை பறிபோகும் என்று எதிர்த்து நின்றன. கல்கத்தாவில் இல்லாக்கோ ஹவுஸ் என்னும் கட்டடத்துக்குள் கணிப்பொறி புகாமல் ஊழியர் இரவுபகலாகக் காவல் இருந்தனர். அரசு தாண்டேகர் தலைமையில் தானியக்கம் பற்றி ஆராயக் குழு அமைத்தது. 1972இல் அறிக்கை வந்தது. தெருவில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில், அரசின் செலவிலேயே ஓர் இளைஞர் பொறியையும் பக்தியையும் நடனத்தையும் ஒரே மூச்சில் திரையில் கலக்கிக் காட்டினார். பொறி வருமா என்று அவர் கேட்கவில்லை. வந்துவிட்ட பின் மனித நரம்பு எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று கேட்டார். கையின் வேலையைப் பொறி எடுத்துக்கொண்டால் கண்ணுக்கும் மனத்துக்கும் ஓய்வு வரும் என்று நம்பியவர்கள், இன்று கைப்பேசியை நோக்கியபடி இரயிலில் தொங்கிச் செல்லும் கூட்டத்தைப் பார்த்தால், பதி கேட்ட கேள்வியின் பொருத்தம் விளங்கும்.

இதற்கு நேர்மாறானது மணி கௌல் 1980இல் அதே துறைக்காக எடுத்த 'அரைவல்', அதாவது 'வருகை'. நகருக்குள் காய்கறி வருகிறது, பழம் வருகிறது, ஆடுகள் வருகின்றன, மனிதரும் வருகின்றனர். காய்கறியை நோக்கும் அதே கண்ணால், அதே பொறுமையோடு, படக்கருவி கூலிக்காரரையும் நோக்குகிறது. விளக்கம் சொல்வார் எவரும் இல்லை. வேலைக்காக ஊர்விட்டு வந்த நம்மைப் போன்றோர் இப்படத்தைப் பார்த்தால் சற்றே நெஞ்சு திடுக்கிடும். சந்தைக்கு வந்த சரக்குகளுள் நாமும் ஒன்று என்று அந்தப் படம் சொல்லாமற் சொல்கிறது. இருபது நிமிட அளவில் அடங்கும் அப்படத்தை, நாம் ஒருமுறைக்குமேற் பார்க்கத் துணியவில்லை.

'வருகை' வெளிவந்த இரண்டாம் ஆண்டில் பம்பாய் வேலையற்ற நகரமாயிற்று. 1982 ஜனவரி 18ஆம் நாள், டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலியும் போனசுமே அவர்தம் கோரிக்கை. தங்களுக்குப் பிடிக்காத சங்கமே சட்டப்படி தங்கள் சார்பில் பேசும் என்ற நிலையை மாற்ற வேண்டும் என்பது மற்றொன்று. வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறைப்படி எவரும் அறிவிக்கவேயில்லை. நெசவு பிவண்டியின் விசைத்தறிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் ஆலைக்குள் புகவில்லை. பரேல், லால்பாக் பகுதிகளில் சங்கொலி கேட்டு எழுந்து பழகியவர்கள் சங்கு ஊதாத காலையிலும் அந்நேரத்துக்கே விழித்து, திண்ணையில் அமர்ந்திருந்தனர் என்று அக்காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொறிகளும் அங்கே இருந்தன, நேரமும் இருந்தது, கிளேர் காட்டிய ஆற்றங்கரை மட்டும் இல்லை. பிற்காலத்தில் ஆலை நிலங்கள் விற்பனைக்கு வந்தன. பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. கிளேரின் தொழிலாளர் போலவே மக்கள் அங்கே கைவீசி உலவுகின்றனர், வாங்கப் பணம் இருக்கும் வரையில்.

இதனைச் சொல்லும்போது ஆனந்த் பட்வர்த்தன் 1996இல் எடுத்த 'ஆக்குபேஷன்: மில் வொர்க்கர்' என்னும் குறும்படத்தை விட்டுவிட முடியாது. அதனைச் சோதனைப் படம் என்று அறிஞர் ஒப்பமாட்டார். நேரடியான ஆவணப்படமே அது. நான்கு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த நியூ கிரேட் ஈஸ்டர்ன் ஆலையைத் தொழிலாளர் தாமே திறந்துகொண்டு உள்ளே புகுந்ததை இருபத்திரண்டு நிமிடங்களில் அது காட்டும். படத்தின் ஆங்கிலப் பெயருக்கு இரு பொருள் உண்டு: தொழில் என்பது ஒன்று, இடத்தைக் கைப்பற்றுதல் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்க நாம் எத்தனையோ நாள் முயன்று தோற்றோம். பாரிசின் கற்பனைத் தொழிலாளர் ஆலையை விட்டு ஆற்றுக்கு ஓடினர். பைகுல்லாவின் உண்மைத் தொழிலாளர் பூட்டை உடைத்துக்கொண்டு ஆலைக்கு ஓடினர். முன்னவர் சோம்பேறிகளும் அல்லர். பின்னவர் உழைப்பின்மேல் பித்துக்கொண்டவர்களும் அல்லர். முன்னவர்க்கு ஆலை சொந்தமாக இருந்தது.

நம்மவர் கதைக்கு வருவோம். ஆலையில் நடந்தது மாட்டுங்காவில் ஓசையின்றி நடந்தது. ஒரு காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் சுற்றுப்புறத்தில் மாலைவேளையில் நடந்தால், மாடிதோறும் தட்டச்சுப் பொறிகளின் ஒலி மழைபோல் கேட்கும். லோயர், ஹையர் என்னும் இரண்டு தேர்வுகளும் பிட்மன் சுருக்கெழுத்தும் சேர்ந்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். தட்டச்சுப் பொறியும் ஒரு பொறிதானே? அது நகலெழுத்தாளனை ஒழித்து நம்மவர்க்குச் சோறு போட்டது. கோத்ரெஜ் நிறுவனத்தார் 1955இல் நாட்டின் முதல் தட்டச்சுப் பொறியைச் செய்தனர். 2009இல் அந்த உற்பத்தியை நிறுத்தினர். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எத்தனை தங்கைமார் திருமணமும் எத்தனை தம்பிமார் படிப்பும் அப்பொறியின் விசைகளின்மேல் நடந்தன என்பதற்குக் கணக்கில்லை. கணிப்பொறி வந்தபோது அத்தொழில் போயிற்று. போனதைக் குறித்து எவரும் படம் எடுக்கவில்லை.

இப்போது நம் முறை. நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். கலைப்பட்டம் பெற்று, அகராதியே துணையாக இருபது ஆண்டுகள் கழிந்தன. 2022இல் மத்திய அரசு 'பாஷினி' என்னும் திட்டத்தின்கீழ் இந்திய மொழிகளுக்கிடையே பொறிவழி மொழிபெயர்ப்பைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்ததை நேயர்கள் அறிவர். அதனைப் போன்ற கருவிகள் வேறு பலவும் உள. அவற்றுள் ஒன்று நம் மேசைக்கும் வந்தது. எந்தக் கருவி, எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டுவதன்று. தொடக்கத்தில் அது நமக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. நலிவுற்ற ஆலையை ஆங்கிலத்தில் 'சிக் மில்' என்பர்; பொறி அதனை 'நோயாளி ஆலை' ஆக்கியது. கூட்டத் தலைவரை 'நாற்காலி' என்றது. அடுத்த மேசை அம்மாளும் நாமும் அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, தேநீர் வேளையில் படித்துச் சிரிப்போம். ஓராண்டு சென்றது. பிழைகள் குறைந்தன. குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இல்லாத வாரங்கள் வந்தன. இன்று பொறி ஒரு நொடியில் மொழிபெயர்க்கிறது, நாம் சரிபார்க்கிறோம். முன்னர் நாளொன்றுக்கு ஆறேழு பக்கம், இப்போது முப்பது. மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டவர் இப்போதும் ஐந்தரைக்கே புறப்படுகிறோம், கண் எரிச்சலோடு. மின்விளக்கு ஏற்றிய ஆலையின் கதையை நாம் ஏன் முன்பே சொன்னோம் என்பது இப்போது விளங்கும்.

நம் அச்சம் வேலை போவதைப் பற்றியது மட்டுமன்று. மாலையும் இரவும் என்ன ஆகும் என்பதும் நம் அச்சமே. நம்மவர் இந்த நகரில் கட்டிய சிறந்தவை யாவும் வேலை முடிந்த பின்னர்க் கட்டியவை. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம். 1952இல் சண்முகானந்த சபா, 1963இல் அதன் பேரரங்கு. 1990இல் தீப்பற்றி அவ்வரங்கு எரிந்தபோது மீண்டும் கட்டி 1998இல் திறந்தனர். பகலெல்லாம் பிறர் கடிதங்களைத் தட்டச்சு செய்தவரே மாலையில் வீடுவீடாகச் சென்று உறுப்பினர் சேர்த்தனர் என்று பெரியோர் கூறுவர். செம்பூரில் நுண்கலைக் கழகமும், செட்டா நகரில் முருகன் கோயிலும் எழுந்தன. இவற்றுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. யாரும் கட்டளையிடவும் இல்லை. வேலை ஒழிந்த சமுதாயம் எப்படி இருக்கும் என்று வெளிநாட்டுப் படத்தில் தேட வேண்டுவதில்லை. மாட்டுங்காவின் ஐந்தரை மணிக்குப் பிந்திய பொழுதில் அதன் மாதிரி ஒன்று இருந்தது.

எனினும் அதனை மிகைப்படுத்திப் பேசுவது நேர்மையாகாது. ஐந்தரை மணி என்பது மாதச் சம்பளக்காரனுக்கு உரியது. மாட்டுங்காவிலிருந்து ஒரு பாலத்தைக் கடந்தால் தாராவி. அங்கே பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் அக்காளுக்கும், தோற்பை தைக்கும் தம்பிக்கும், வீட்டு வாசலில் அமர்ந்து உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் அத்தைக்கும் ஐந்தரை மணி என்று ஒன்று அடிப்பதேயில்லை. அவர்தம் வேலையைப் பொறி பறிக்காமலிருப்பதற்குக் காரணம், பொறியை விட அவர்தம் கை மலிவு என்பதுதான். வேலை ஒழிந்த சமுதாயத்தைப் பற்றிப் பேசும் அறிஞர் எவரும் இந்தச் சந்துக்குள் நுழைந்து பேசுவதை நாம் கண்டதில்லை. தைப்பொங்கலன்று தெருவோரம் வரிசையாகப் பானை வைத்துப் பெண்கள் பொங்குவதைப் பார்த்தவர்கள், ஒரு முழுநாள் தங்களுக்கே உரியதாக இருந்தால் அவர்கள் யாது செய்வர் என்பதை ஒருவாறு ஊகிக்கலாம்.

2022இல் மும்பையின் 'கேம்ப்' என்னும் கலைக்குழுவினர் 'பாம்பே டில்ட்ஸ் டவுன்' என்னும் படைப்பைச் செய்தனர். ஏழு திரைகளில் ஓடும் படம் அது. முப்பத்தைந்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் வைத்த ஒரே கண்காணிப்புக் கருவி எடுத்த காட்சிகளே முழுவதும். கருவி வானத்திலிருந்து மெல்லக் குனிகிறது. கோபுர மாளிகைகள், அவற்றின் கீழ்த் தகரக் கூரைகள், இன்னும் கீழே மனிதர். கருவியின் பின்னால் நின்று கண் வைத்துப் பார்க்க ஒருவர் தேவையில்லை. பார்த்தல் என்னும் தொழிலும் பொறிக்குப் போய்விட்டது என்று அஞ்சலாம். ஆனால் காவல் காக்கச் செய்த கருவியை ஒரு கலைக்குழு தன்வயப்படுத்தி, நகரத்தார் பார்க்கும்படி நகரத்தைக் காட்டியது. கருவி அதுவே, யார் கையில் என்பது மாறியது.

இத்தனை படங்களைப் பார்த்தபின், நமக்கும் ஒரு படம் எடுக்க ஆசை. செலவில்லாத படம், வானொலியில் சொல்லி முடித்துவிடலாம். நாள், ஆயுத பூசை. அன்றைக்குக் கருவியைத் தொடலாகாது; சந்தனமிட்டுக் குங்குமமிட்டுக் கருவிக்கு ஓய்வு கொடுத்து, அதனை வணங்கிவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும். ஆண்டில் ஒரு நாளேனும் வேலை ஒழிந்த உலகம் எப்படியிருக்கும் என்று நம் மூதாதையர் ஒத்திகை பார்த்தனர் போலும். படக்கருவி அசைவதில்லை. தாராவியில் ஒரு தையற்பொறி, சக்கரத்தில் பூச்சரம். முதலாளி நாளைக்கே சரக்கு வேண்டும் என்றதால் பிற்பகலில் பூவை ஒதுக்கிவிட்டுத் தம்பி மீண்டும் மிதிக்கத் தொடங்குகிறான். மாட்டுங்காவில் ஒரு மாடி. முதியவர் ஒருவர் விற்க மனமின்றி வைத்திருக்கும் பழைய தட்டச்சுப் பொறிக்குப் பொட்டு வைக்கிறார். அதற்கு இப்போது நாள்தோறும் ஓய்வுதான்.

மூன்றாம் காட்சி நம் அலுவலகம். அடுத்த மேசை அம்மாள் குங்குமச் சிமிழோடு வருகிறார். மேசைக்கு மேசை பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் நம் மேசைக்கு முன் நின்றுவிடுகிறார். திரையில் வைக்கலாம், விசைப்பலகையில் வைக்கலாம். ஆனால் மொழிபெயர்க்கும் பொறி இவற்றுள் எதிலும் இல்லை. எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டிய கட்டடம் ஒன்றில், அன்றைக்கும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. "இதற்கு எங்கே வைப்பது?" என்று அவர் கேட்கிறார். நமக்கும் தெரியவில்லை. சிமிழைக் கையில் ஏந்தியபடி அவர் நின்றுகொண்டிருக்கிறார்.